சமையலறை வாசலில் தொங்குகிறவன்

லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, அவ்வளவுதான், விரல்கள் என்னைக் கேட்காமலேயே கழன்றுகொண்டன, நான் சமையலறை வாசலில் தொப்பென்று நிற்கிறேன், உள்ளே அடுப்படியில் பூங்கோதை முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்குகிறாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் “அஞ்சுங்க” என்கிறாள், ஏதோ கடையில் முட்டை கேட்கிற மாதிரி. ஐந்து. எனக்கு வேண்டியது பத்து. இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலை ஐந்தரைக்கு, பாறை ஏறச் சொல்லித் தருகிற ஜெனிட்டாவின் வேன் ஊமைக்கரட்டுப் பாறைக்குக் கிளம்புகிறது, இருபது மில்லிமீட்டர் விளிம்பில் பத்து நொடி தொங்கினவர்களுக்கு மட்டும் அதில் இடம், மற்றவர்கள் வெயில் காலமும் மழைக் காலமும் முடிந்து கார்த்திகைக்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்குள் எனக்கு ஐம்பது வயது ஆகிவிடும். பத்து நொடி என்றால் என்ன, ஒரு கொட்டாவி. ஒருவன் நின்று நிதானமாகத் தும்மி மூக்கைத் துடைத்தால் பத்து நொடி. அதை விரல் நுனியில் தொங்கிக்கொண்டு கடக்கச் சொன்னால் மட்டும் அது சேலத்திலிருந்து சென்னை போகிற தூரமாகிவிடுகிறது. எண்ணிக்கை லாபத்தில் ஆரம்பிப்பது பூங்கோதையின் பிறந்த வீட்டுப் பழக்கம், அவள் அப்பா நெல் மண்டி வைத்திருந்தவர், வள்ளத்தில் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள், பிறகுதான் ரெண்டு, மூணு. கல்யாணமான புதிதில் இட்லி வைக்கும்போதுகூட லாபம், ரெண்டு என்று எண்ணி வைத்தாள், எனக்கு முதல் இட்லியைச் சாப்பிடவே கை வரவில்லை. ஓய்வு மூன்று நிமிஷம். ஐந்து தடவை தொங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிஷம் கையை உதறிக்கொண்டு நிற்க வேண்டும், ஜெனிட்டா சொன்னது. ஓய்வுதான் பயிற்சியே அங்கிள் என்றாள். அங்கிள் என்கிறாளே. இருபத்தாறு வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள், தம்பி என்றா கூப்பிடுவாள்.

கையை உதறு, நாச்சிமுத்து. மோதிர விரல் அடியில் லேசாக ஒரு வலி மாதிரி இருக்கிறது, வலியா, வலி மாதிரியா. அங்கேதான் அந்த வளையம் இருக்கிறதாம், நரம்பை எலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிற சின்ன வளையம், விரலை மடக்கி மூர்க்கமாகப் பிடித்தால் அது அறுந்துவிடுமாம், அறுகிறபோது ‘பட்’ என்று சத்தம் கேட்குமாம், பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்குமாம். இதை ஜெனிட்டா சொன்ன நாளிலிருந்து எனக்கு ‘பட்’ என்று எது கேட்டாலும் முதலில் மோதிர விரலைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டில் டயர் வெடித்தது, எல்லாரும் பஸ்ஸைப் பார்த்தார்கள், நான் விரலைப் பார்த்தேன். அந்த விரலில் இப்போது மோதிரமும் இல்லை, தொங்கும்போது மோதிரம் இருக்கக் கூடாது என்று சொன்னதும் சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டேன், இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக, பூங்கோதை வாங்கிப் பெருங்காய டப்பாவில் போட்டுவிட்டாள். விசேஷங்களுக்குப் போட்டுக்கொண்டு போனால் கை குலுக்குகிறவர்கள் ரசம் வாசனை பிடிக்கிறார்கள். நான் எதற்காக இதையெல்லாம் ஆரம்பித்தேன், சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொன்னார் டாக்டர், நடந்தேன், நடக்கிற வழியில் மூடிக்கிடந்த சேகோ பேக்டரிக் கொட்டகையில் வெளிச்சம் தெரிந்தது, ஜவ்வரிசி காய்ந்த இடத்தில் வண்ண வண்ணக் கட்டைகள் பதித்த சுவர், அதில் பல்லி மாதிரி ஆறேழு பிள்ளைகள். ஐந்து நிமிஷம் வேடிக்கை பார்த்தேன். பிறகு, நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் ராசிபுரம் பஸ்ஸின் புட்போர்டில் ஜன்னல் கம்பியை இரண்டே விரலில் பிடித்துக்கொண்டு கொண்டலாம்பட்டி வரைக்கும் வந்தவன் என்பதை அங்கிருந்த யாரிடமோ சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது. சரி ஏறிக் காட்டுங்க என்றார்கள். மூன்றாவது கட்டையில் கை வழுக்கிக் கீழே மெத்தையில் விழுந்தேன், எழுந்ததும் சந்தா கட்டிவிட்டேன்.

“மூணு நிமிசம் ஆச்சுங்க.” இவள் ஓய்வு மட்டும் ரொம்பக் கறாராக எண்ணுகிறாள். வெள்ளைப் பொடியில் கையைத் தொட்டு, ஊதி, வாசலுக்கு மேலே மாட்டிய பலகையின் விளிம்பில் நான்கு நான்கு விரல், கட்டை விரலுக்கு வேலை இல்லை, அது சொந்தக்கார வீட்டுக்கு வந்தவர் மாதிரி சும்மா இருக்கலாம். காலை மடக்கு. தொங்கு. லாபம். நன்றாக இருக்கிறது. ரெண்டு. பலகையை மாட்ட வந்த ஆசாரி இதில் என்ன மாட்டுவீர்கள் என்று கேட்டார், என்னையே என்றேன், அவர் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார். மூணு. முன்னங்கை எரிகிறது. எண்பத்தொரு கிலோ, எட்டு விரல், ஒரு விரலுக்குப் பத்து கிலோ சொச்சம், ஒவ்வொரு விரலிலும் ஒரு பை ரேஷன் அரிசி, நாலு, அன்றைக்கு அரிசி டிரம்மில் கையை விட்டதற்கு அவள் போட்ட சத்தம், அஞ்சு, பட். பட் பட். ஐயோ போச்சு. போச்சு விரல். ஆறு என்று அவள் சொல்லி முடிக்கிறதற்குள் கீழே குதித்துவிட்டேன், மோதிர விரலைத் தூக்கிப் பார்க்கிறேன், ஆட்டிப் பார்க்கிறேன், ஆடுகிறது. பட் பட பட. கடுகு. எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. “தாளிக்கறப்ப சொல்லிட்டுத் தாளிக்கக் கூடாதா புள்ள?” “கடுகு வெடிக்கறதுக்கெல்லாம் சொல்லிட்டு வெடிக்குமாங்க? ஆறு.” ஆறு. கடுகு வெடிக்காமல் இருந்திருந்தால் ஏழு வந்திருக்கும். வந்திருக்குமா? ஏழு வந்தாலும் மூன்று பாக்கி.

அந்த அரிசி விவகாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விரல் மடக்குகிற பக்கம் மட்டும் பலமானால் போதாது, விரிக்கிற பக்கமும் பலமாக வேண்டும், ஒரு வாளி அரிசியில் கையை முழங்கை வரை விட்டு மூடி மூடித் திற என்று ஜெனிட்டா சொன்னாள். எங்கள் வீட்டில் அரிசிக்கா பஞ்சம், பூங்கோதையின் தம்பி வருஷத்துக்கு மூன்று மூட்டை பழைய பொன்னி அனுப்புகிறான். டிரம்மைத் திறந்து இரண்டு கையையும் விட்டேன், என்ன குளிர்ச்சி, என்ன சுகம், கண்ணை மூடிக்கொண்டு பிசைந்துகொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள். மண்டிக்காரர் மகள். அவர்கள் வீட்டில் ஒரு மணி அரிசி காலில் மிதிபட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். “சோறு திங்கற அரிசியில கைய உட்டு என்ன பண்றீங்க?” பயிற்சி என்றேன். “பொன்னியிலயா?” என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்கு அப்போது புரியவில்லை. கை போட்டதுகூட அவளுக்குப் பெரிதில்லை, இரண்டு வருஷப் பழைய பொன்னியில் போட்டதுதான் குற்றம். மறுநாள் ஒரு பெயின்ட் வாளி நிறைய குருணை கொண்டுவந்து வைத்தாள், இதுல பெசைங்க என்று. கோபம் வந்தால் கத்துவாள், கத்தி முடித்தால் நமக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். நான்கு வாரமாக யாரும் கேட்காமலேயே எனக்கு நொடி எண்ணுகிறாளே, அது ஒன்று போதாதா. முதலில் போனில்தான் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தில் இருக்கிற எழுத்து எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடி போட்டுக்கொண்டு தொங்கினால் வியர்வையில் மூக்கிலிருந்து இறங்கி வாய்க்கு வந்துவிடுகிறது, குரல் சொல்கிற செயலியைப் போட்டால் நாலாவது நொடியில் வீட்டுமனை விளம்பரம் பாடியது. அந்த வாரம்தான் நாங்கள் கரட்டைப் பார்த்துவிட்டு வந்தோம், மறுநாள் காலையில் அவளாகவே நான் எண்றேனுங்க என்று சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. போன மாதம் ஜெனிட்டா ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தபோது கொட்டகையில் ஆறு நொடி தொங்கினேன், கூரைத் தகடு மாற்றுகிறார்கள் என்று கொட்டகையை ஒரு மாதம் பூட்டினார்கள், வீட்டில் பயிற்சி பண்ணுங்க அங்கிள், பத்து வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க, உங்க வார்த்தை போதும் என்றாள். வீட்டில் பூங்கோதை எண்ணின முதல் நாள் தொங்கினால் மூன்று. மூன்றுதான். ஆறாக இருந்தவன் ஒரே வாரத்தில் எப்படி மூன்றானேன்? பலகையைச் சந்தேகப்பட்டேன், ஸ்கேல் வைத்து அளந்தேன், இருபது மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. அடுப்படி ஆவியைச் சந்தேகப்பட்டேன். முந்தின நாள் சாப்பிட்ட கொள்ளுப் பருப்பைச் சந்தேகப்பட்டேன். வயதைச் சந்தேகப்பட்டேன், அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு இந்த வேனில் ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆசை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தனியார் பஸ்காரர்களுக்கு அரை நிமிஷம் என்பது அப்பன் சொத்து, முன்னால் எடுத்தவனும் பின்னால் எடுத்தவனும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் வேலை, விசில் ஊதினால் பஸ் கிளம்ப வேண்டும், நொடி பிசகாது, எனக்கு நொடி நாச்சிமுத்து என்றே பெயர். ஒகேனக்கல் பஸ்ஸை அனுப்புகிறேன், ஏற்காடு பஸ்ஸை அனுப்புகிறேன், பிள்ளைகளும் பையுமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எல்லாரும் போகிறார்கள், புகை அடங்கினதும் நான் அங்கேயேதான் நிற்கிறேன். ஒரு தடவை நான் போக வேண்டும். மேலே ஏறி, நான் ஊதி அனுப்புகிற ரோட்டை மேலேயிருந்து பார்க்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. பூங்கோதையிடம்கூட.

“ஆச்சுங்க.” மூன்றாவது. பொடி. ஊது. விளிம்பு. இந்தத் தடவை கண்ணை மூட வேண்டாம், எங்கேயாவது தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு தொங்குங்க என்றாள் ஜெனிட்டா, எங்கே பார்ப்பது, எதிரே பூங்கோதையின் முதுகு, அதற்குமேல் அடுப்படி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு மாதமாக யாரோ இரண்டு குழந்தைகளின் காதணி விழா பிளக்ஸ், தாய்மாமன்கள் மட்டும் பதினான்கு பேர், நடுவில் இருந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர்கள் இல்லை. கழற்றிவிட்டார்கள்போல, அதுதான் அடுப்படி காலையிலிருந்து இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது. லாபம். மாமன்கள் இருந்த இடத்தில் முக்குச் சிக்னல் தெரிகிறது. சிவப்பு. எண்கள் ஓடுகின்றன, தூரத்து எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், எழுபத்து நாலு, எழுபத்து மூணு. பாவம், வெயிலில் நிற்கிறார்கள். ரெண்டு. எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர். மூணு. எழுபது. அறுபத்தொன்பது. கை எரிகிறது, பரவாயில்லை, பார்க்க ஏதோ இருப்பது நல்லதாகத்தான் இருக்கிறது. நாலு. அறுபத்தேழு. அஞ்சு. அறுபத்தைந்து. ஆறு. அறுபத்துமூன்று. விரல் நழுவுகிறது, நழுவுகிறது, போய்விட்டது, அறுபத்தொன்று. “ஆறுங்க.” ஆறு. எழுபத்து நாலில் ஆரம்பித்து அறுபத்தொன்று. ஆறு. எழுபத்து நாலு கழித்தல் அறுபத்தொன்று. என்ன இது.

சிக்னல் தப்பு. அதுதான். இந்த ஊரில் எந்தச் சிக்னல் ஒழுங்காக ஓடியிருக்கிறது, வெயிலில் சூடாகி வேகமாக எண்ணுகிறது. பிரிட்ஜ் மேல் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை எடுத்து, எட்ட நீட்டிப் பிடித்து, முள்ளையும் சிக்னலையும் மாறி மாறிப் பார்க்கிறேன். பச்சை, முப்பது. முள் பத்து நகர்கிறது, சிக்னலில் இருபது. முள் இன்னும் பத்து, சிக்னலில் பத்து. அரை நொடி பிசகவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்துக்கு இந்த யோக்கியதை கிடையாது. “என்னங்க, ஓய்வெடுக்காம கடியாரத்த வெச்சுக்கிட்டு?” “ஒண்ணுமில்ல, டூட்டிக்கு நேரமாச்சான்னு பாத்தேன்.” “ரெண்டு மணிக்கு டூட்டி, இப்பவே என்ன?” வெங்காயத்தை வதக்குகிறாள், கை நிதானமாகப் போய் வருகிறது, அந்த முதுகில் ஒரு குற்றமும் தெரியவில்லை. ஒருவேளை மண்டியில் இப்படித்தான் எண்ணுவார்களோ, வள்ளத்தை மொண்டு, தலை தட்டி, கொட்டி, அதற்குள் அடுத்த எண், அந்த ஓட்டம் அவளுக்கு வாயில் ஊறிப்போயிருக்குமோ. இருக்கும். அப்படியானால் ஓய்வு மட்டும் எப்படி மூன்று நிமிஷம் மூன்று நிமிஷமாகவே வருகிறது? அதற்கு அடுப்பு மேல் இருக்கிற டைமரைப் பார்க்கிறாள். அதே டைமரைத் தொங்கும்போதும் பார்க்கலாமே. நாலாவது தடவை தொங்கிப் பார்த்துவிடுவோம். தொங்குகிறேன், ஐம்பத்தெட்டில் ஆரம்பம், லாபம் என்கிறாள், இப்போது காதைக் கொடுத்துக் கேட்கிறேன், ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிறாள், கரண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது, அப்புறம்தான் ரெண்டு. மறுபடி மூச்சு. மறுபடி கரண்டி. மூணு. ஐந்து என்று அவள் சொல்கிறபோது சிக்னலில் நாற்பத்தெட்டு, இது பத்து, இங்கேயே பத்து, இறங்கிவிட்டேன். “அஞ்சுங்க. மொதல்ல வந்த அஞ்சே வந்துருச்சு, சோர்ந்துட்டீங்க.” எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாள்.

நொடி நாச்சிமுத்து. இருபத்திரண்டு வருஷமாக ஊரில் ஒருவனையும் அரை நிமிஷம் ஏமாற்ற விட்டதில்லை, என் வீட்டு அடுப்படியில் ஒருத்தி இரண்டு நொடியை ஒரு நொடி என்று நான்கு வாரமாக அளந்து கொடுத்திருக்கிறாள், நானும் வாங்கி வாங்கி மடியில் கட்டியிருக்கிறேன். இது மட்டும் வேலாயுதம் பஸ் டிரைவருக்குத் தெரிந்தால் என் விசிலைப் பிடுங்கி அவனே ஊதுவான். கோபம் வருகிறது, வரட்டும், கத்திவிடலாமா, ஏண்டி இப்படிச் செய்தாய் என்று. போனை எடுத்து ஜெனிட்டாவுக்கு மெசேஜ் போட்டால் முடிந்தது, பதின்மூன்று நொடி, வேனில் இடம், நாளை ஐந்தரை. போன் ஹாலில்தான் இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் ஏன் செய்தாள்? அந்தக் கேள்வி காலைக் கட்டுகிறது. கரட்டுக்குப் போன சாயங்காலம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன், அடிவாரத்தில் நிறுத்தி, இதுதான் என்றேன், கையை உயர்த்தி அங்கே ஏறி, இப்படித் திரும்பி, அதோ அந்த மஞ்சள் கோடு வரைக்கும் என்று காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “புடிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்களே” என்றாள். நான் மகா புத்திசாலி, சிரித்துக்கொண்டே, இருபது மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றேன். எவ்வளவு அது என்று கேட்டாள், அவள் சுண்டு விரலைப் பிடித்து நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் காட்டினேன், இவ்வளவு. அவள் அந்த விரலைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கயிறு கட்டியிருப்பார்கள் என்றேன். ம் என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அவள் ஸ்கூட்டரில் எப்போதும் பின் கம்பியைத்தான் பிடிப்பாள், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், பாறையைப் பார்த்ததும் பெண்டாட்டிக்கு நம்மேல் ஒரு இது வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் நான் எண்றேனுங்க என்றாள். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும், கேட்டுவிட்டு ஆயுசுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன் என்பதும் தெரியும். அதனால் அந்தப் பழியை என் விரல் மேலேயே போட்டுவிடப் பார்த்தாள். முட்டாளே, நாச்சிமுத்து. உனக்கு விரல் நுனி பற்றி யோசிக்கத் தெரிந்த அளவு அவளைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

“கடைசிங்க.” கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மெசேஜ் போடலாம், இப்போதும் போடலாம், ஆனால் சிக்னலைப் பார்த்துப் போட்ட மெசேஜ் எனக்கு வேண்டாம், அவள் வாயால் பத்து வரவேண்டும். அவள் பத்துக்கு. அவள் பத்து என்றால் என் இருபது. இருபது நொடி நான் எந்த ஜென்மத்திலும் தொங்கியதில்லை, ஐந்தாவது தடவையில் அதுவும் முடியவே முடியாது. பொடி. ஊது. தொங்கு. லாபம் என்கிறாள். சிக்னலைப் பார்க்கப் போவதில்லை, அவள் முதுகைப் பார்க்கிறேன், ஜாக்கெட்டில் தையல் பிரிந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருக்கிறாள். ரெண்டு. மூணு. கரண்டி சுற்றுகிறது. நாலு. எனக்கு எவ்வளவு கனமான உடம்பு. அஞ்சு. இங்கேதான் வழக்கமாக விடுவேன். ஆறு. விடவில்லை. விரல்கள் என் விரல்களாகவே இல்லை, யாரோ என் கையில் மாட்டிவிட்ட கொக்கிகள். ஏழு. கரண்டி நின்றுவிட்டது. இதுவரை அவள் ஏழு சொன்னதே இல்லை, அவள் குரலுக்கே அது புதிதாக இருக்கிறது. அடுப்பை அணைக்கிறாள். எட்டு, இது ரொம்ப மெதுவாக வருகிறது. முன்னங்கையில் நெருப்பு, உதடு நடுங்குகிறது, விடு விடு என்று ஒருவன் உள்ளே கத்துகிறான். ஒம்பது. திரும்பிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கிறாள், கையில் கரண்டி, கரண்டியிலிருந்து ஒரு துண்டு வெங்காயம் கீழே விழுகிறது. நான் பார்க்கிற பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று. பத்து வர வேண்டும். வரவில்லை.

“ஒம்பதே கால்” என்கிறாள். ஐயோ. ஆண்டவா. “ஒம்பதரை.” மண்டிக்காரர் மகள், கால் அரை கூட விட மாட்டாள். “பூங்கோத, பத்து சொல்லு.” பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். “மாட்டனுங்க.” “சொல்லு கண்ணு, கை போகுது.” “சொன்னா போயிருவீங்க.” அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. “போய்ட்டு வந்துருவேன் புள்ள.” “அதுல புடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க, நான் பாத்தனே.” நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன், விரல் ஒவ்வொன்றாக நழுவுகிறது, சுண்டு விரல் போய்விட்டது, இரண்டு கையிலும் போய்விட்டது, ஆறு விரலில் எண்பத்தொரு கிலோ, இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு நான்கு வாரம் வெங்காயம் நறுக்கியிருக்கிறாளே, எனக்கு அழுகையாக வருகிறது, அழுதால் விழுந்துவிடுவேன். “ஒம்பதே முக்கா” என்று சொல்லிக்கொண்டே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள், என் முழங்காலைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துத் தூக்குகிறாள், தூக்கத்தான் பார்க்கிறாள், பாரம் ஒரு இம்மி குறைந்த மாதிரி இருக்கிறது, என் பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பத்து என்கிறாள், அவ்வளவு வேகமாக அவள் ஓர் எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை. “போய்ட்டு வாங்க. இப்பக் கைய உடுங்க, நான் புடிச்சிருக்கறன்.” எண்பத்தொரு கிலோ நான், அவள் ஐம்பத்திரண்டு. கணக்குக்கு ஒத்து வராது, இரண்டு பேரும் தரையில்தான் கிடப்போம் என்று நன்றாகத் தெரிந்தே கையை விட்டேன்.